பாத்ரூம் தரையை இரண்டாவது முறை உடைத்த கதை

ஏழு அடி நீளம், நாலரை அடி அகலம். மொத்தம் முப்பத்தொன்றரை சதுர அடி. இவ்வளவு சின்ன இடத்தில் மூன்று வருஷத்துக்குள் இரண்டு தடவை தரை போட்டிருக்கிறேன். 2021-ல் போட்டது தப்பாகப் போனது. 2024 ஏப்ரலில் போட்டது இரண்டு மழைக்காலம் பார்த்துவிட்டது. சுவரில் ஓதம் ஏறவில்லை, அம்மா சுவரைப் பிடிக்காமல் நடந்து போய் வருகிறார், ஞாயிற்றுக்கிழமைக் கழுவல் பத்து நிமிஷத்தில் முடிகிறது. சரி, இனிமேல் எழுதலாம்.

வீடு பாளையங்கோட்டையில். 2006-ல் கட்டியது. அம்மாவுக்கு எழுபது வயசு, நாங்கள் இருவர், இரண்டு பிள்ளைகள். குடிக்கத் தாமிரபரணித் தண்ணீர் வருகிறது. குளிக்க, துவைக்க, கழுவ எல்லாம் போர் தண்ணீர்தான். வாளியில் பிடித்து வைத்தால் இரண்டே நாளில் ஓரத்தில் வெள்ளையாகக் கோடு விழும். இந்த உப்பை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசி வரைக்கும் கூட வரும்.

முதலில் இருந்தது எட்டுக்கு எட்டு அங்குல இளநீல டைல்ஸ். கண்ணாடி மாதிரிப் பளபளப்பு, ஜாயிண்ட்டில் ஒயிட் சிமெண்ட். உப்புக் கறை படியும்போதெல்லாம் மாசம் ஒரு தடவை ஆசிட் ஊற்றித் தேய்ப்போம். நுரை பொங்கும், அழுக்குப் போகிறது என்று சந்தோஷப்படுவோம். பொங்கியதில் பாதி ஜாயிண்ட்டில் இருந்த சிமெண்ட் என்று அப்போது உறைக்கவில்லை. பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் ஜாயிண்ட் எல்லாம் அரித்துக் குழிந்து, குச்சியை விட்டால் உள்ளே போகிற அளவுக்கு ஆகிவிட்டது.

2021-ல் அம்மா அதில் வழுக்கி விழுந்தார். எலும்பு முறிவு இல்லை, மணிக்கட்டு சுளுக்கியதோடு போயிற்று. ஆனால் நான் பயந்துவிட்டேன். பயத்தில் கடைக்குப் போனால் என்ன வாங்குவோமோ அதைத்தான் வாங்கினேன். இருப்பதிலேயே சொரசொரப்பானதைக் கொடுங்கள் என்று கேட்க, கார் நிறுத்தும் இடத்தில் போடுகிற டைல்ஸைக் காட்டினார்கள். சாக்லேட் கட்டி மாதிரி சின்னச் சின்னச் சதுரமாக மேடும் பள்ளமும். பழைய தரையை உடைக்காமல் அதன் மேலேயே ஒட்டிவிடலாம், ஒரே நாளில் முடிந்துவிடும் என்றார்கள். எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது. எல்லாம் சேர்த்து 6,500 ரூபாய்.

வழுக்கவில்லை. அது ஒன்றுதான் நடந்த நல்ல காரியம். சீயக்காய்த் தூள், சோப்பு, முடி எல்லாம் அந்தப் பள்ளங்களுக்குள் போய் உட்கார்ந்துகொண்டன. ஆறு மாசத்தில் ஒவ்வொரு சதுரத்தைச் சுற்றியும் கறுப்புக் கரை கட்டியது. பழைய பல் துலக்கும் பிரஷ்ஷை வைத்து ஒவ்வொரு கோடாக மனைவி தேய்த்ததை நினைத்தால் இப்போதும் குற்ற உணர்ச்சி வருகிறது. தரை முக்கால் அங்குலம் உயர்ந்ததால் கதவு இடித்தது, கதவின் அடியை அறுத்தோம். தண்ணீர் போகிற ஜாலி குழிக்குள் போய்விட்டது, கை விட்டுத்தான் முடியை எடுக்க வேண்டும். எல்லாவற்றையும்விட மோசம், இருந்த கொஞ்சம் வாட்டமும், அதாவது தண்ணீர் ஓடுவதற்கான சரிவும், போய்விட்டது. கமோடுக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு டம்ளர் தண்ணீர் நிற்கும்.

2023 டிசம்பரில் வெள்ளம் வந்தது. எங்கள் தெருவில் தண்ணீர் வீட்டுக்குள் ஏறவில்லை, படி வரைக்கும் வந்து வடிந்தது. அதற்கப்புறம் பாத்ரூமை ஒட்டிய ஹால் சுவரில் இரண்டடி உயரத்துக்கு ஓதம். வெள்ளத்து ஈரம், வெயில் வந்தால் காய்ந்துவிடும் என்று எல்லாரும் சொன்னார்கள், நானும் நம்பினேன். மார்ச்சில் பாளையங்கோட்டை வெயிலில் மற்ற சுவரெல்லாம் காய்ந்து சுண்ணாம்பாகிவிட்டது, அந்தச் சுவர் மட்டும் காயவில்லை. சந்தேகம் வந்து, ஓதத்தின் விளிம்பில் பென்சிலால் கோடு போட்டுவிட்டு, பத்து நாள் அந்த பாத்ரூமைப் பூட்டி வைத்தேன். இன்னொரு பாத்ரூமில் ஐந்து பேரும் வரிசையில் நின்றோம். பத்தாம் நாள் ஈரம் கோட்டிலிருந்து ஒரு சாண் கீழே இறங்கியிருந்தது. வெள்ளத்தின் மேல் போட்ட பழி முழுக்கப் பொய். செலவில்லாத இந்தச் சோதனையை ஜனவரியிலேயே செய்திருக்கலாம்.

ஆக, முழுசாக உடைப்பது என்று முடிவாயிற்று. இந்தத் தடவை பயத்தில் வாங்கக்கூடாது என்று இரண்டு வாரம் எடுத்துக்கொண்டேன்.

டைல்ஸ் தவிர வேறு என்ன போடலாம் என்றும் பார்த்தேன். ஆச்சி வீட்டில் கடப்பாக் கல் போட்ட குளியலறை இருந்தது, காலுக்குக் குளிர்ச்சி, அவ்வளவு பிடிக்கும். ஆனால் கடப்பா சுண்ணாம்புக் கல் வகை. ஆசிட் பட்டால் அரிக்கும், உப்புத் தண்ணீர் காய்ந்தால் கறுப்பின் மேல் வெள்ளைத் திட்டுத் திட்டாகத் தெரியும். ரெட் ஆக்சைடு தரை அழகு, ஆனால் ஈரத்தில் வழுக்கும், நன்றாகப் போடத் தெரிந்த கொத்தனாரைத் தேடுவது அதைவிடக் கஷ்டம். ஆத்தங்குடிக் கல்லை மகள் ஆசைப்பட்டாள். அதுவும் சிமெண்ட்தான், ஈரத்தைக் குடிக்கும், ஹாலுக்கு வைத்துக்கொள்ளலாம் என்று சமாதானம் சொன்னேன். நெருப்பில் சுட்டுச் சொரசொரப்பாக்கிய கிரானைட் உண்மையிலேயே நல்ல பொருள். ஆனால் இரண்டு பக்கம் வாட்டம் கொடுக்க சின்னச் சின்னதாக அறுக்க வேண்டும், அறுப்புக் கூலி கல் விலையைத் தாண்டியது. கடைசியில் டைல்ஸுக்கே வந்தேன்.

மூன்று கடையில் நான்கு மாதிரி டைல்ஸ் வாங்கி வந்தேன். ஒன்று பளபளப்பு, ஒன்று மரப்பலகை மாதிரி ஆழமான வரி போட்டது, ஒன்று சர்க்கரை தூவியது போலக் குறுகுறுவென்று இருப்பது, நாலாவது மேட் பூச்சில் கையால் தடவினால் லேசாக உணரக்கூடிய சொரசொரப்பு உள்ளது. நான்கையும் மொட்டை மாடியில் வரிசையாக வைத்து, ஒவ்வொன்றிலும் தேங்காய் எண்ணெய் ஒரு சொட்டு, கரைத்த சீயக்காய் ஒரு கரண்டி, அரைத்த மஞ்சள் ஒரு சிட்டிகை, மனைவியின் தலைமுடிச் சாயம் ஒரு துளி என்று போட்டு ஒரு ராத்திரி விட்டேன். “ஏலே, டைல்ஸுக்குப் பூசை பண்ணுதியா?” என்று அம்மா கேட்டார்.

காலையில் ஈரத்துணியால் ஒரே மாதிரி பத்துத் தடவை துடைத்தேன். பளபளப்பில் எல்லாம் போனது, சோப்புத் தண்ணீர் ஊற்றிக் கால் வைத்தால் நானும் போவேன். மரவரியில் சீயக்காய் வரிக்குள்ளேயே தங்கிவிட்டது. சர்க்கரைப் பரப்பு துணியையே பிய்த்தது, துணி இழை ஒட்டிக்கொண்டு நின்றது. நாலாவதில் மஞ்சள் மட்டும் லேசாகத் தெரிந்தது, சோப்பு போட்டதும் போய்விட்டது. சோப்புத் தண்ணீரில் வெறுங்காலோடு நின்று உடம்பைத் திருகிப் பார்த்தேன், பிடித்தது.

பெட்டியில் ஆர்10, ஆர்11 என்று போட்டிருப்பதைக் கடைக்காரர்கள் பெரிதாகக் காட்டுவார்கள். அது ஜெர்மானிய முறைச் சோதனை. எண்ணெய் ஊற்றிய சரிவில் ஷூ போட்ட ஆள் நடக்கிறார், எத்தனை பாகையில் வழுக்குகிறார் என்று பார்க்கிறார்கள். 10 முதல் 19 பாகை வரை என்றால் ஆர்10, 19 முதல் 27 வரை என்றால் ஆர்11. நாம் வெறுங்காலோடு சோப்புத் தண்ணீரில் நிற்கிறோம். வெறுங்காலுக்கு ஏ, பி, சி என்று வேறொரு வரிசை இருக்கிறது, நான் போன கடைகளில் அது எந்தப் பெட்டியிலும் இல்லை. என் டைல்ஸ் ஆர்10. அதை ஒரு ஆரம்ப வடிகட்டியாக மட்டும் வைத்துக்கொண்டு, மிச்சத்தைக் காலாலேயே முடிவு செய்தேன்.

அடுத்து, தண்ணீர் குடிக்கிறதா என்று பார்த்தேன். இதற்குச் சமையலறைத் தராசு போதும். கடையில் ஒன்றுக்கு ஒன்று அடி அளவில் செராமிக்தான் அதிகம் வைத்திருக்கிறார்கள். ஒரு செராமிக் டைல்ஸ் 1,490 கிராம் இருந்தது, ராத்திரி முழுக்கத் தண்ணீரில் போட்டுத் துடைத்து எடுத்தால் 1,566. 76 கிராம் குடித்திருக்கிறது, அதாவது ஐந்து சதவீதம். நாலாவது மாதிரி விட்ரிஃபைடு, அதாவது அதிகச் சூட்டில் சுட்டு இறுக்கிய வகை, அது 3 கிராம்தான் கூடியது. இதற்குக்கூடப் பொறுமை இல்லை என்றால் டைல்ஸைத் திருப்பிப் போட்டு முதுகில் ஒரு கரண்டி தண்ணீர் ஊற்றுங்கள். செராமிக் உறிஞ்சிக் கறுக்கும், விட்ரிஃபைடில் அப்படியே நிற்கும்.

அளவு ஒன்றுக்கு ஒன்றுதான் என்பதில் பிடிவாதமாக இருந்தேன். இரண்டுக்கு இரண்டு போட்டால் ஜாயிண்ட் குறையும், கழுவ சுலபம் என்று கடைக்காரர் சொன்னது ஹாலுக்குச் சரி. பாத்ரூமில் இரண்டு பக்கத்திலிருந்தும் ஒரு மூலைக்குச் சரிய வேண்டும். பெரிய டைல்ஸ் வளையாது, குறுக்கே அறுத்துத்தான் சரிக்க முடியும். நிறத்தில் வெளிர் சாம்பல், அதில் லேசான புள்ளி. வெள்ளையில் முடி தெரியும், கறுப்பில் உப்பு தெரியும். போர் தண்ணீர்க்காரர்கள் அடர்ந்த நிறத்தின் பக்கமே போகவேண்டாம்.

ஏப்ரல் முதல் வாரம் உடைத்தோம். இரண்டு ஆள், ஒரு நாள். பிளம்பர் முதலில் வந்து கமோடைக் கழற்றிக் கொல்லையில் வைத்தார். மேல் டைல்ஸ் உளி படும் முன்பே பெயர்ந்து வந்தது, நான் கொடுத்த 6,500-ல் ஒட்டும் சாமான் எவ்வளவு என்று அப்போது தெரிந்தது. அடியில் 2006 டைல்ஸ், அதற்கடியில் மணல் கலவை. அந்தக் கலவை கையில் எடுத்தால் உருண்டை பிடிக்கிற அளவுக்கு ஈரம், சாக்கடை நாற்றம். தரைத் தண்ணீர் குழாய்க்குள் இறங்கும் இடத்தில் பதித்திருக்கும் கிண்ணமான நாணி டிராப்பின் கழுத்தைச் சுற்றி ஒரு விரல் போகிற அளவுக்கு இடைவெளி. பதினெட்டு வருஷமாக ஜாயிண்ட் வழியாக இறங்கிய தண்ணீர் குழாய்க்குள் போகாமல் அதன் வெளிப்பக்கமாக மண்ணுக்குள் போய், அங்கிருந்து ஹால் சுவரில் ஏறியிருக்கிறது. சுவர் டைல்ஸைக் கீழிருந்து ஆறு அங்குலத்துக்குக் கட்டிங் மெஷினால் ஒரே கோட்டில் அறுத்து எடுத்தோம். ஒரு அடி எடுத்திருக்க வேண்டும், வேலையைக் குறைக்க ஆறோடு நிறுத்திக்கொண்டேன்.

பழைய டிராப்பை எடுத்துவிட்டுப் புது பிவிசி டிராப் வைத்து, சுற்றியுள்ள இடைவெளியை சுருங்காத கலவையால் அடைத்தோம். அப்புறம் வாட்டம்.

கொத்தனார் முப்பது வருஷ அனுபவக்காரர். ஏழு அடிக்கு ஒரு அங்குலம் போதும் என்றார். நான் ஒன்றரை கேட்டேன். “அண்ணாச்சி, வாட்டம் கூடிட்டுன்னா வாளி நிக்காது, ஸ்டூல் ஆடும், ஆச்சிக்கு நடக்கக் கஷ்டம்லா” என்றார். நியாயம்தான். பேரம் பேசிப் பத்து நூலில் நின்றோம், அதாவது ஒன்றேகால் அங்குலம். கமோடு பக்கத்திலிருந்து குறுக்கே ஐந்து நூல். வாசல் பக்கம், இரண்டு சுவரின் நடு, டிராப்பின் வாய் என்று டியூப் லெவலில் குறி வைத்து நூல் கட்டி, ஒன்றுக்கு நாலு சிமெண்ட் கலவையில் தரையைச் சரித்தார். ஒரு மூட்டை சிமெண்ட், ஆறு சாக்கு எம் சாண்ட்.

அடுத்த நாள் காலையில், கலவை இறுகினதும், மகளிடம் கோலிக்குண்டு கேட்டேன். ரசமட்டத்தைவிட அது நன்றாக வேலை செய்தது. எட்டு இடத்திலிருந்து விட்டுப் பார்த்தோம். ஏழு இடத்திலிருந்து நேராக டிராப்புக்குப் போனது. கமோடின் பின்மூலையிலிருந்து விட்டது அரை அடி வந்து, யோசித்து, நின்றது. அந்த இடத்தில் கொஞ்சம் சுரண்டிவிட்டுப் பூசினோம். ஒரு கோலி டிராப்புக்குள்ளேயே விழுந்துவிட்டது, கிண்ணத்தைக் கழற்றி எடுத்தோம். நீங்கள் செய்தால் டிராப்பின் வாயில் துணி வையுங்கள்.

ஐந்து நாள் தண்ணீர் தெளித்துப் பதப்படுத்தினோம். அடுத்தது நீர்க்காப்புப் பூச்சு, இதை நானே செய்தேன், கெடுத்ததும் நானே. சிமெண்ட் பொடியும் பால் மாதிரி ஒரு திரவமும் சேர்ந்த கிட், 1,200 ரூபாய். தரை எவ்வளவு காய்ந்திருக்கிறதோ அவ்வளவு நன்றாகப் பிடிக்கும் என்று நானாகவே முடிவு செய்து, பெருக்கி, இரண்டு நாள் ஃபேன் போட்டுக் காயவைத்துப் பூசினேன். ஏப்ரல் வெயிலில் காய்ந்து கிடந்த கலவை பூச்சிலிருந்த தண்ணீரை உறிஞ்சிவிட்டது. மறுநாள் கட்டை விரலால் தேய்த்தால் விபூதி மாதிரி ஒட்டிக்கொண்டு வந்தது. டப்பாவின் பக்கவாட்டில் பொடி எழுத்தில் எழுதியிருந்தது: பரப்பை நனைத்துவிட்டு, தேங்கி நிற்காமல் ஈரமாக இருக்கும்போது பூசவும். அரை நாள் கம்பி பிரஷ்ஷால் சுரண்டினேன், இன்னொரு 1,200 கொடுத்தேன்.

இரண்டாவது தடவை ராத்திரியே தரையை நனைத்து, காலையில் தேங்கிய தண்ணீரைத் துணியால் ஒற்றி எடுத்து, நாலு அங்குல பிரஷ்ஷில் முதல் பூச்சு வடக்கு தெற்காக. சுவரும் தரையும் சேருமிடத்திலும் டிராப்பைச் சுற்றியும் ஃபைபர் வலையைப் பதித்து அதன் மேலும் பூசினேன். நாலு மணி நேரம் கழித்து இரண்டாவது பூச்சு கிழக்கு மேற்காக. சுவரில் ஆறு அங்குலம் ஏற்றினேன். மூன்று நாள் யாரும் உள்ளே போகவில்லை.

பிறகு தண்ணீர் கட்டிப் பார்த்தோம். டிராப்பின் வாயில் பிளாஸ்டிக் கவருக்குள் துணியைத் திணித்து அடைத்து, வாசல் பக்கம் ஒரு விரல் ஆழத்துக்கு நிற்கும் வரை நிரப்பினேன். மூன்று இடத்தில் சுவரில் பென்சில் கோடு. 48 மணி நேரம். வெயில் காலத்தில் தண்ணீர் தானாகவும் வற்றுமே, கசிவையும் அதையும் எப்படிப் பிரிப்பது? பக்கத்திலேயே ஒரு வாளியில் தண்ணீர் வைத்து அதிலும் கோடு போட்டேன். இரண்டு நாள் கழித்துத் தரையில் ஒரு நூல் குறைந்திருந்தது, வாளியிலும் அதே ஒரு நூல். அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன்.

டைல்ஸ் ஒட்டுகிற அன்று கொத்தனாருக்கும் எனக்கும் இரண்டு சண்டை. முதலாவது, சிமெண்ட் பால் ஊற்றி ஒட்டினால் போதும், பசையெல்லாம் கடைக்காரன் யாவாரம் என்றார். விட்ரிஃபைடு தண்ணீரைக் குடிக்காது என்பதுதான் அதன் நல்ல குணம், அதனாலேயே சிமெண்ட் பால் அதன் முதுகில் வேர் விடாது. அதற்கென்று உள்ள பசைதான் வேண்டும். 20 கிலோ மூட்டை 640 ரூபாய். அவர் ஒத்துக்கொண்டார். ஒத்துக்கொண்டு, நாலு மூலைக்கு நாலு, நடுவில் ஒன்று என்று பசையை லட்டு மாதிரி ஐந்து உருண்டை வைத்து டைல்ஸை அமுக்கினார். காய்ந்தபின் தட்டினால் டொப் டொப் என்று கேட்கும் பாருங்கள், அதற்குக் காரணம் இந்த ஐந்து உருண்டைதான். இடையில் இருக்கும் வெற்றிடத்தில் தண்ணீர் சேரும், வாளி விழுந்தால் டைல்ஸ் உடையும்.

ஆறு மில்லிமீட்டர் பல் வைத்த கரண்டி ஒன்று 150 ரூபாய்க்கு முன்பே வாங்கி வைத்திருந்தேன். அதால் தரை முழுக்கப் பசையைப் பரப்பி ஒரே திசையில் வரி இழுக்கச் சொன்னேன். மூன்றாவது டைல்ஸ் வைத்ததும், “அண்ணாச்சி, ஒரு நிமிஷம்” என்று அதைக் கிளப்பிப் பார்த்தேன். அவர் முகம் மாறிவிட்டது. முதுகில் பாதி இடம்தான் பசை பிடித்திருந்தது, மிச்சம் வரி வரியாகக் கோடு. டைல்ஸின் முதுகிலும் மெல்லிசாக ஒரு கை பசை தடவி, வரிக்குக் குறுக்கே லேசாக முன்னும் பின்னும் நகர்த்தி அமுக்கினால் முழுக்கப் பிடித்தது. அடுத்ததை நான் கேட்காமல் அவரே கிளப்பிக் காட்டினார். அதற்கப்புறம் அவர் வேலை செய்த சுத்தம் நான் செய்திருக்க முடியாதது. டிராப்பைச் சுற்றி நாலு டைல்ஸை மூலைவிட்டமாக அறுத்துப் பொருத்தியதில் ஒரு முடி இடைவெளிகூட இல்லை.

இரண்டாவது சண்டை ஜாயிண்ட். இடைவெளி விடாமல் ஒட்டினால்தான் அழகு என்றார். மூன்று மில்லிமீட்டர் ஸ்பேசர் வைத்துத்தான் ஒட்டினோம், ஒயிட் சிமெண்ட்டுக்குப் பதிலாக ஜாயிண்ட்டை நிரப்புகிற எபாக்ஸிக் கலவை உள்ளே இறங்க அவ்வளவு வேண்டும். தரைக்கு 38 டைல்ஸ், சுவரின் அடியில் பாதியாக அறுத்து ஒட்ட 11, அறுப்பில் உடைந்தது 3. வாங்கியது 60.

எபாக்ஸியையும் நானே போட்டேன். பசை, கெட்டியாக்கி, பொடி என்று மூன்று பாக்கெட். ஒரு கிலோ கிட் மொத்தத்தையும் ஒரே தடவையில் கலக்கினேன், அதுவும் மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு. முக்கால் மணி நேரம் கையாளலாம் என்று எழுதியிருந்தது. அது எந்த ஊர் வெயிலுக்கோ. எனக்கு இருபத்தைந்தாவது நிமிஷம் கிண்ணத்திலேயே மெழுகு மாதிரி ஆகிவிட்டது, பாதிக்கு மேல் வீண். ஒட்டிய இடத்திலும் டைல்ஸ் மேல் மங்கலாக ஒரு படலம். அதை வெந்நீரும் வினிகரும் விட்டு, பாத்திரம் தேய்க்கிற வெள்ளை நாரால், ஒவ்வொரு டைல்ஸாக மூன்று மணி நேரம் தேய்த்தேன்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு மிச்சத்தைத் தொடங்கினேன். சமையலறைத் தராசில் மூன்றையும் கால் பங்காக நிறுத்துக் கலக்கி, நாலு டைல்ஸ் அளவு மட்டும் நிரப்பி, பத்தாவது நிமிஷமே ஈர ஸ்பாஞ்சால் துடைத்துக்கொண்டே போனேன். தராசில் எபாக்ஸி ஒரு சொட்டு விழுந்து காய்ந்துவிட்டது, இப்போதும் இருக்கிறது, மனைவி வேறு தராசு வாங்கிவிட்டார். மொத்தம் மூன்று கிட் ஆனது. ஒழுங்காகச் செய்திருந்தால் இரண்டில் முடிந்திருக்கும். நிறம் சாம்பல். வெள்ளை ஜாயிண்ட் எங்கள் தண்ணீருக்கு ஒரு மாசம்கூடத் தாங்காது.

கமோடைத் திரும்ப வைக்கும்போது அடியில் சிமெண்ட் பூசி அடைக்க வேண்டாம், திருகு போட்டு ஓரத்தில் சிலிக்கான் விடுங்கள் என்று பிளம்பரிடம் சொன்னேன். அது மட்டும் யாரும் சண்டை போடாமல் நடந்தது.

கணக்கு: டைல்ஸ் ஆறு பெட்டி 3,180, பசை 640, நீர்க்காப்பு இரண்டு கிட் 2,400, எபாக்ஸி மூன்று கிட் 1,680, டிராப்பும் கரப்பான் வராத எவர்சில்வர் ஜாலியும் 520, சிமெண்ட் 410, எம் சாண்ட் 360, உடைப்புக் கூலி 1,800, ரப்பிஷ் அள்ளிய வண்டி 900, கொத்தனார் இரண்டு நாள் 2,400, சித்தாள் இரண்டு நாள் 1,600, பிளம்பர் 1,200. ஆகமொத்தம் 17,090. பல் கரண்டியையும் பிரஷ்களையும் இதில் சேர்க்கவில்லை, அவை என்னிடமே இருக்கின்றன. இதில் என் அவசரத்துக்கும் படிக்காததற்கும் கொடுத்தது 1,760. டைல்ஸ் விலை மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. இரண்டு வாரம் டைல்ஸ் தேடியவன், டப்பாவின் மேல் எழுதியிருப்பதை இரண்டு நிமிஷம் படித்திருக்கலாம்.

உடைத்ததிலிருந்து குளித்தது வரை மூன்று வாரம். வீட்டில் இரண்டாவது பாத்ரூம் இல்லாதவர்கள் இதை முதலில் யோசிக்க வேண்டும்.

இப்போது கழுவுவது இப்படி. குளித்தவர் வைப்பரால் இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு வர வேண்டும், பிள்ளைகள் மூன்றுக்கு இரண்டு நாள் செய்கிறார்கள். வாரம் ஒரு தடவை ஒரு லிட்டர் தண்ணீரில் இரண்டு கரண்டி எலுமிச்சை உப்பு (சிட்ரிக் அமிலம்) கரைத்துத் தெளித்து, ஐந்து நிமிஷம் விட்டு, நைலான் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவினால் உப்புப் படிவு போய்விடுகிறது. ஆசிட் பாட்டிலை வீட்டைவிட்டே அனுப்பியாயிற்று. இன்னும் வைத்திருப்பவர்கள் அதோடு பிளீச்சிங் பவுடரைச் சேர்த்துவிடாதீர்கள். குளோரின் வாயு வரும், கதவு மூடிய சின்ன அறையில் அது விளையாட்டில்லை. ஹால் சுவரை ஜூனில் சுரண்டிப் பூசி வண்ணம் அடித்தோம், இரண்டு ஐப்பசி கார்த்திகை போய்விட்டது, அப்படியே இருக்கிறது.

இன்னொரு தடவை செய்தால் குளிக்கிற பக்கத்தை அரை அங்குலம் கீழே இறக்கி, கமோடு பக்கம் எப்போதும் காய்ந்திருக்கும்படி செய்வேன். இப்போது யார் குளித்தாலும் அறை முழுக்க நனைகிறது. அம்மாவுக்குக் கைப்பிடி வைக்கச் சுவரைத் துளைக்கும் வேலையை நீர்க்காப்புக்கு முன்பே முடித்திருப்பேன். இப்போது டிரில் வைக்கக் கை வரவில்லை, கைப்பிடி இன்னும் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. டிராப்பை ஒரு அளவு பெரிதாக வாங்கியிருப்பேன். இரண்டு வாளியைச் சேர்ந்தாற்போலக் கவிழ்த்தால் தண்ணீர் ஒரு கணம் தயங்கித்தான் போகிறது.

மீதி எட்டு டைல்ஸ் பரணில் இருக்கிறது. பெட்டியின் மேலிருந்த பேட்ச் எண்ணைக் கிழித்து அதோடு கட்டி வைத்திருக்கிறேன், பின்னால் ஒன்று உடைந்தால் அதே நிறம் கடையில் கிடைக்காது.

கோலிக்குண்டு யோசித்து நின்ற அந்தக் கமோடுப் பின்மூலையை நாங்கள் சரிசெய்தது முழுசாகச் சரியாகவில்லை. கழுவி முடித்தால் அங்கே ஒரு ஐந்து ரூபாய் காசு அளவுக்குத் தண்ணீர் நிற்கும். அதைச் சரிசெய்ய ஒரு டைல்ஸை உடைக்க வேண்டும். உளியை எடுத்து இரண்டு தடவை கொண்டுபோய் வைத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப எடுத்து வந்தேன். போன மாசம் பார்த்தால், அம்மா அந்த இடத்தில் கழுவுகிற பிரஷ் ஸ்டாண்டை வைத்துவிட்டார்.